ஐம்பத்தெட்டுக் கல்

நான் பணியாற்றிய தொழிலகத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சென்ற மாதம் செல்வராணி தொலைபேசியில் கேட்டார். என் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்து, இன்று அதன் தலைவராக இருப்பவர், திறமையானவர். "சார், ஜிபிஎஸ் மொதமொதல்ல வந்த கதைய ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. சுகுமாரன் சார் படம் முழுப் பக்கத்துக்கு வருது. 'தரத்தின் காவலர்'னு தலைப்பு. ஒங்க கட்டுரை அதுக்கு எதிர்ப் பக்கம். கொஞ்சம் இனிப்பா எழுதுங்க" என்றார்.

இனிப்பாக எழுத எனக்கு வராது. கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. எதிர்ப் பக்கத்தில் இருப்பவருக்கு இது பிடிக்கவும் பிடிக்காது.

முதலில் ஒன்று. தூய தமிழில் எழுதுவதையே ஒழுக்கமாகக் கொண்டவன் நான். பொறியியல் பட்டயம் பெற்ற பின் மாலை வகுப்பில் தமிழ் பயின்று புலவர் பட்டமும் பெற்றேன். தொழிலகத்தில் என் பெயரைச் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. காவலாளி முதல் பொது மேலாளர் வரை அனைவருக்கும் நான் 'புலவர்'தான். ஆயினும் இக்கட்டுரையில் பிரேக்கை பிரேக் என்றும் கிலோமீட்டரைக் கிலோமீட்டர் என்றும் எழுதுகிறேன். கற்றது மறந்துபோய் அல்ல. காரணத்தைப் படிப்பவர் தாமே அறிவார்.

மதுரைக்கு வெளியே கார்களுக்கான பிரேக் பேடுகள் செய்த தொழிலகம் எங்களுடையது. பேடு என்பது சக்கரத்தின் உள்ளிருக்கும் வட்டத் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் பட்டை. செய்த பேடு வண்டியை எத்தனை மீட்டரில் நிறுத்துகிறது என்று அளந்து சொல்வது என் பிரிவின் வேலை. தொண்ணூறுகளில் இதற்கென மிதிவண்டிச் சக்கரம் போன்ற ஐந்தாவது சக்கரம் ஒன்றைக் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வோம். அது குழியில் விழும், துள்ளும், பொய் சொல்லும். இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகளில் ஜிபிஎஸ் கருவி வந்தது. சோற்றுப் பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டி, காந்தத்தால் கூரையில் ஒட்டிக்கொள்ளும் ஓர் அலைவாங்கி, அவ்வளவே. வானிலுள்ள செயற்கைக்கோள்களிடமிருந்து தன் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்து முறை கணித்து ஓர் அட்டையில் பதிந்துகொள்ளும். வானம் திறந்திருக்க வேண்டும். புளியமர நிழலில் நின்றால் கோள்களைத் தவறவிட்டு விழிக்கும். அதனால் சோதனைக்குமுன் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, பச்சை விளக்கு நிலைத்து எரியும்வரை காத்திருப்போம்.

அக்கருவி எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், காரின் வேகமுள் பொய் சொல்கிறது என்பது. முள் அறுபதைக் காட்டும்போது உண்மை வேகம் ஐம்பத்தெட்டுதான் இருக்கும். இரண்டாவது பாடம் ஓட்டுநரைப் பற்றியது. பிரேக்கை ஒருவர் எப்படி மிதிக்கிறார் என்பது கோடாக வந்து விழும். விற்பனைப் பிரிவிலிருந்து வந்து சோதனை வண்டியை ஓட்டிக் காட்டிய இளைஞர்களின் கோடுகள் வாள்பல் போலிருக்கும். துளசிராமின் கோடு அடிக்கோலால் இழுத்தது போல் நேராக இறங்கும்.

துளசிராம் எங்கள் சோதனை ஓட்டுநர். சௌராட்டிரர், தந்தையும் தமையன்மாரும் தறியில் இருக்க, இவர் மட்டும் வண்டிக்கு வந்தவர். கருவிக்கு 'மேல பாக்குற பொட்டி' என்று பெயரிட்டவர். ஒருநாள் விற்பனைப் பிரிவு இளைஞர் ஒருவர், "அண்ணே, நீங்க மாட்டு வண்டி மாதிரில்ல ஓட்றீங்க" என்று கேலி செய்தார். ஒரே சுற்றை இருவரும் ஓட்டினார்கள். இளைஞர் டயர் கதற வந்தார். துளசிராம் ஓசையில்லாமல் வந்தார். அட்டையைக் கணினியில் இட்டுப் பார்த்தால் துளசிராம் நான்கு நொடி முந்தியிருந்தார். "மாப்ள, சத்தத்த பொட்டி எண்ணாது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

இனி, என் தவறு.

தொழிலகப் படிவங்கள் தமிழில் இருக்க வேண்டுமென்று நிர்வாகம் முடிவு செய்தபோது அப்பணியை என்னிடமே ஒப்படைத்தது. பெருமிதத்தோடு செய்தேன். 'கிலோமீட்டர்' என்ற சொல் என் கண்ணில் மணலாக உறுத்தியது. அதற்குக் 'கல்' என்று எழுதினேன். 'மணிக்கு அறுபது கல்' என்பது எவ்வளவு செறிவான தொடர் என்று நானே சொல்லிப் பார்த்து மகிழ்ந்தேன். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'கல் என்பது கிலோமீட்டர்' என்று ஒரு குறிப்பும் இட்டேன்.

படிவம் அச்சாகி வந்த அன்றே துளசிராம் தலையைச் சொறிந்தார்.

"சார், கல்லுன்னா நம்ம பக்கம் மைலுன்னுதான நெனப்பாக? எங்கப்பா இன்னமும் அழகர்கோயில் இம்புட்டுக் கல்லுன்னா மைலத்தான் சொல்லுவாரு."

நான் சொன்ன மறுமொழியை இன்றைக்கும் முழுதாக எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "உன் வீட்டில் பேசுவது வேறு மொழி. என் மொழியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "சரிங்க சார். வீட்ல எங்க மொழி, ரோட்ல ஒங்க மொழி."

நான்கு ஆண்டுகள் அப்படிவம் ஓடியது. தொழிலகத்தில் ஒருவரும் குழம்பவில்லை. கல் என்றால் கிலோமீட்டர் என்று அனைவருக்கும் தெரியும். பொது மேலாளர் சுகுமாரனுக்கும் தெரியும். வாரக் கூட்டங்களில் என் கல்லைக் கிலோமீட்டர் என்று வாசித்தவரே அவர்தான். இதை நினைவில் வையுங்கள்.

சுகுமாரன் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மேசைமேல் ஒரு பச்சை மைப் பேனாவைத் தவிர வேறெதுவும் இராது. அட்டவணைகளை அவர் படிக்கமாட்டார். "புலவரே, ஒரே எண். ஒரே எண் சொல்லுங்கள்" என்பார். அறிக்கையைக் கொடுத்தால் மேல் பகுதியைப் பின்னுக்கு மடிப்பார். கீழ்ப் பகுதியையும் பின்னுக்கு மடிப்பார். இறுதி முடிவு உள்ள இருவிரல் அகலப் பட்டை மட்டும் தெரியும். மடிப்பை நகத்தால் நீவி, அந்த ஒற்றை வரியைப் பச்சை மையால் வளைப்பார். மேலே மடிந்து போனது நேர வாரியான அளவீடு. கீழே மடிந்து போனது என் அடிக்குறிப்பு. அம்மடிப்பை நான் அன்று நேர்த்தி என்று எண்ணினேன். இளையவர்களிடம், "அவரைப் பாருங்கள், தேவையற்றதைக் கண்ணில் படவிடுவதில்லை" என்று புகழ்ந்தும் இருக்கிறேன். என் பேதைமையை என்னவென்று சொல்வது?

புதுக் கலவையில் ஒரு பேடு உருவாக்கினோம். கார் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று மாதிரிகளைப் பெற்றுக்கொண்டு, எங்கள் சோதனை முடிவுக்குக் காத்திருந்தது. சுகுமாரனுக்கு அது முடிந்துவிட்ட வணிகம். எனக்கு ஓர் ஐயம் இருந்தது. குளிர்ந்த நிலையில் நன்றாகப் பிடித்த அந்தப் பேடு, சூடேறினால் நழுவுமோ என்று தோன்றியது. அதை அறிய ஒரு வழிமுறை உண்டு. எண்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினைந்து முறை அடுத்தடுத்து பிரேக் இட்டுப் பேடைக் காய்ச்ச வேண்டும். பதினாறாவது முறை, முள் அறுபதில் நிற்க, ஒரே சீரான மிதியில் நிறுத்தி அளக்க வேண்டும். நல்ல பேடு காய்ந்த பின்னும் பதினெட்டு மீட்டருக்குள் நிறுத்திவிடும்.

கொட்டாம்பட்டிக்கு அருகே நான்குவழிச் சாலையில் அப்போது திறக்கப்படாத ஒரு பகுதி இருந்தது. அங்கே போனோம். இரு முனையிலும் செங்கொடியோடு ஆட்களை நிறுத்தினேன். இடையில் வயல்வெளியிலிருந்து ஒரு நடைபாதை சாலைக்கு ஏறுவதைப் பார்த்தேன். அங்கே ஆள் நிறுத்தவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும். காரில் துளசிராம் மட்டும் இருந்தார். மற்ற இருக்கைகளில் எடைக்கு மணல் மூட்டைகள். நான் ஒரு முனையில் நின்றேன்.

பதினைந்து முறை ஆயிற்று. பதினாறாவது முறை வண்டி வந்தது. நின்றுவிட வேண்டிய இடத்தைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்ததைக் கண்டேன். பெரியகருப்பன் என்ற உழவர், புல்கட்டு ஏற்றிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த நடைபாதை வழியே சாலைக்கு ஏறியிருந்தார். நான் ஓடிச் சேர்ந்தபோது அவர் கால் முறிந்து கிடந்தார். துளசிராம் தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலில் கட்டிக்கொண்டிருந்தார். பேடுகளிலிருந்து புகை வந்தது.

"மிதிச்சேன் சார். முழுசா மிதிச்சேன். கட்டையத் தேச்ச மாதிரி வழுக்கிட்டுப் போயிருச்சு" என்றார்.

மருத்துவமனையில் பெரியகருப்பனும் அதையே சொன்னார். "வண்டி மெதுவாத்தான்யா வந்துச்சு. நின்டுரும்னு நம்பித்தான் கால வச்சேன். நிக்கத்தான் இல்ல." அவர் சொன்னதைப் பின்னாளில் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

மாலையில் அட்டையைக் கணினியில் இட்டேன். பிரேக் தொட்ட நொடியில் வேகம் ஐம்பத்தெட்டு. முப்பதாவது மீட்டரில் மிதிவண்டி. நின்றது நாற்பத்தொன்றாவது மீட்டரில். எடுத்துக்கொண்டது ஐந்து நொடி. மிதியின் கோடு, எப்போதும்போல, அடிக்கோலால் இழுத்தது. ஓட்டுநர் மீது ஒரு நூலிழைக் குற்றமில்லை. பேடுதான் குற்றவாளி. படிவத்தை நிரப்பினேன்: 'மணிக்கு 58 கல், நிற்றல் தொலைவு 41 மீட்டர்.' கையொப்பமிட்டுச் சுகுமாரன் மேசையில் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். அன்று மட்டும் முழு அட்டவணையையும் படித்தார். பிறகு மேலும் கீழும் மடித்தார்.

மறுநாள் என்னைக் கோயம்புத்தூருக்கு மூன்று நாள் பணியாக அனுப்பினார். அவசரம் என்றார். அங்கே அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வந்தபோது தொழிலக வாயிலில் துளசிராம் நின்றிருந்தார். உள்ளே விட மறுத்திருந்தார்கள். கையில் பணிநீக்க ஆணை. வாசித்தேன். 'மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் பொறுப்பின்றி ஓட்டி' என்றிருந்தது.

தொண்ணூற்று மூன்று. அந்த எண் எங்கிருந்து வந்தது? ஐம்பத்தெட்டை ஒன்று புள்ளி ஆறால் பெருக்கினேன், வாயிற்படியிலேயே நின்று. மைலைக் கிலோமீட்டராக்கும் கணக்கு.

நடந்ததைத் துளசிராம் சொன்னார். விசாரிக்க வெளியிலிருந்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவரிடம் தந்தது என் அறிக்கையன்று. மடித்த பட்டையின் நகல். அவர் படித்துவிட்டு, "கல் என்றால் மைல்தானே?" என்று கேட்டிருக்கிறார். சுகுமாரன், "ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்" என்றிருக்கிறார். ஒரு சொல்கூடப் பொய் இல்லாத பொய்!

"நான் கத்துனேன் சார். 'அது கிலோமீட்டருங்க, எங்க புலவரு அப்டித்தான் எழுதுவாரு, அவரக் கூப்ட்டுக் கேளுங்க'ன்னேன். 'நீ ஒனக்கு வேண்டியதத்தான சொல்லுவ'ன்னுட்டாரு அந்த ஆபீசரு. ஒங்களக் கூப்புடச் சொன்னா, ஊர்ல இல்லன்னாக." என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கி.மீ.ன்னு ரெண்டெழுத்து போட்ருந்தாப் போதும் சார்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தத் திருகலில் எத்தனை நுட்பம் இருந்தது என்று பாருங்கள். ஐம்பத்தெட்டில் வந்த கார் நாற்பத்தொரு மீட்டரில் நின்றால் பேடு கெட்டது. தொண்ணூற்று மூன்றில் வந்த கார் அதே நாற்பத்தொரு மீட்டரில் நின்றால் பேடு மிக நன்று, ஓட்டுநர் கெட்டவர். ஒரே பெருக்கலில் பேடு புனிதமானது, மனிதர் குற்றவாளியானார்.

சுகுமாரன் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். முப்பதாண்டுப் பணியில் அன்று ஒருநாள்தான்.

"ஐந்து நொடியில் நாற்பத்தொரு மீட்டர். சராசரி நொடிக்கு எட்டு மீட்டர். சீராக நின்ற வண்டியின் தொடக்க வேகம் அதன் இருமடங்கு, பதினாறு. மணிக்கு ஐம்பத்தெட்டுக் கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. நேர அட்டவணையை ஏன் மடித்தீர்கள்?" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "புலவரே, அமருங்கள்."

"அமரமாட்டேன்."

"நீங்கள் எழுதினீர்கள். நாங்கள் வாசித்தோம். தமிழ் உங்களுடையதுதானே?"

"அந்தச் சொல்லை நான்காண்டு கிலோமீட்டர் என்று வாசித்தவர் நீங்கள்!"

"நான் வாசித்ததை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று புன்னகைத்தார். "உங்கள் அடிக்குறிப்பு அழகாக இருக்கிறது. அடுத்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்."

திருத்தக் கடிதம் எழுதினேன். கோப்பில் வைத்தார்கள். விசாரணை அலுவலர் வீட்டுக்கே போனேன். அவர் வாயிற்கதவைத் திறக்காமல், "விசாரணை முடிந்துவிட்டது" என்றார். எண் வந்துவிட்டதாம். இயந்திரம் சொன்ன எண்ணாம். இயந்திரம் ஐம்பத்தெட்டு என்றுதான் சொன்னது! பெருக்கியது மனிதன். அதைச் சொல்லச் சொல்ல அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு காரியம் செய்தேன். ஒப்புதல் பெறாமல் கருவியை எடுத்துக்கொண்டேன். அதே கலவையில் மீந்திருந்த ஒரு தொகுதிப் பேடையும் எடுத்துக்கொண்டேன். துளசிராமின் மைத்துனரிடம் அதே வகைக் கார் இருந்தது. விடியற்காலையில் கொட்டாம்பட்டிக்குப் போய், அதே சாலையில், இம்முறை ஒவ்வொரு நடைபாதைக்கும் ஓர் ஆளாக என் வீட்டார், அவர் வீட்டார் அனைவரையும் நிறுத்தினேன். கட்டுப் போட்ட காலோடு பெரியகருப்பனும் வந்துவிட்டார். வரப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா அளங்கப்பா. எனக்கு இன்னொரு கால்தான் இருக்கு" என்றார்.

முன்னிருக்கையில் நான் அமர்ந்தேன். பச்சை விளக்கு நிலைத்தது. பதினைந்து முறை காய்ச்சினோம். பதினாறாவது முறை துளசிராம் முள்ளை அறுபதில் நிறுத்தி, மூச்சை இழுத்து, மிதித்தார். கால் அடித்தட்டுவரை போயிற்று, வண்டி போய்க்கொண்டேயிருந்தது. அந்த ஐந்து நொடி எத்தனை நீளம் என்பதை அதற்குமுன் நான் தாளில் மட்டுமே அறிந்திருந்தேன்.

ஐம்பத்தெட்டு. நாற்பது மீட்டர். ஐந்து நொடி.

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, நிக்காதுன்னு!"

அறிக்கையை என் கையால் எழுதினேன். 'மணிக்கு ஐம்பத்தெட்டுக் கிலோமீட்டர்' என்று எழுத்தால் எழுதினேன். கார் செய்யும் நிறுவனத்துக்கும், எங்கள் தொழிலகத்துக்கும், விசாரணை அலுவலருக்கும் அனுப்பினேன். அந்நிறுவனம் தானே அளந்து பார்த்து மாதிரிகளைத் திருப்பியது. கலவை மாற்றப்பட்டது. அதனால் எத்தனை கால்கள் முறியாமல் இருந்தன என்று எந்தக் கருவியும் சொல்லாது.

ஆனால் துளசிராமை எவரும் திரும்ப அழைக்கவில்லை. ஆணை மாறினால் நிர்வாகம் பொய் சொன்னதாகிவிடும் அல்லவா? கருவியைத் திருடியதாக என்மீது குறிப்பு எழுதி, கழிவுப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே தேய்ந்த இரும்பை எடைபோட்டேன். சுகுமாரனுக்கு மாலையிட்டு வழியனுப்பினார்கள். 'மணிக்கு 93' என்ற ஆணையைப் பார்த்த எந்த நிறுவனமும் துளசிராமுக்கு வேலை தரவில்லை. மதுரை வட்டாரத்தில் அவரினும் சீராக பிரேக் மிதிக்கத் தெரிந்த ஒருவரை நான் கண்டதில்லை. அவர் பரவைச் சந்தையிலிருந்து தக்காளிக் கூடை ஏற்றிப் பிழைத்தார்.

செல்வராணி, இப்போது ஓட்டுநர்கள் ஒவ்வொருவரின் ஓட்டத்தையும் கைப்பேசியே அளந்து மதிப்பெண் இடுகிறதென்று பெருமையாகச் சொன்னீர்கள். நல்லது. அந்த மதிப்பெண்ணை மடிப்பவர் யார், மடித்ததன் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்ததுண்டா? பார்க்கும் வழக்கம் வரும்வரை எனக்கு அந்தப் பெருமையைச் சொல்லாதீர்கள்.

என் படம் மலரில் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். பணியாளர் பதிவேட்டில் துளசிராம் பெயருக்கு நேரே உள்ள தொண்ணூற்று மூன்றை அடித்து, ஐம்பத்தெட்டுக் கிலோமீட்டர் என்று எழுதி, அதன் நகலை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். இன்று பிரிவுத் தலைவர் நீங்கள்; உங்களால் கோர முடியும். அது நடந்த பின் இக்கட்டுரையை வெளியிடுங்கள். நடக்காவிட்டாலும் வெளியிடுங்கள், அந்த முழுப் பக்கப் படத்துக்கு எதிரிலேயே.

அனுப்புமுன் இதைத் துளசிராமிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இனிமே அதத் திருத்தி என்ன சார் செய்ய, சட்டம் போட்டு மாட்டவா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டலாம். எம் பேரன் டிரைவிங் படிக்கிறான்" என்றார். பிறகு தாளை வாங்கித் தலைப்பைப் பார்த்தார்.

"மறுபடியும் கல்லுன்னே வச்சிருக்கீங்களே சார்."

"மாற்றிவிடவா?"

"இருக்கட்டும். ஆனா கீழ சின்ன எழுத்துல குறிப்பு கிறிப்புன்னு எதுவும் போட்றாதீங்க. மடிச்சுருவாய்ங்க."

போடவில்லை.